குமாஸ்தா தனியாகப் பாடுகிறார்

ஜூன் 4

சித்தி,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு, நானும் நலம் என்று எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கிறாயா?

இந்த உறைக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் ஒரு பாட்டு வீடியோ, மூன்றரை நிமிடம். நான் தனியாக எடிட் செய்த முதல் வேலை. இத்தனை நாள் மற்றவர்கள் வெட்டியதை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது எல்லாம் என் முடிவு. இன்னும் வெளியாகவில்லை. ஆகஸ்ட் மாதம் டைரக்டர் அண்ணன் எல்லோரோடும் உட்கார்ந்து கடைசியாகப் பார்ப்பார். பிடித்தால் அடுத்த பாட்டும் எனக்கே. இல்லையென்றால் பழைய மூலையில் பழைய நாற்காலி.

என்ன மாதிரிப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். முதல்முறை பார்க்கிறவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். சொன்னால் சொன்னதையே தேடுவார்கள். சமையல் வேலை முடிந்ததும் ஹாஸ்டல் டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ அதை எழுது. போனில் வேண்டாம். போனில் நீ என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் பேசுவாய்.

அம்மா போன பிறகு நான் அழுத நாட்களில் என்னைச் சிரிக்க வைத்தவள் நீ. உன் முகத்தில்தான் எனக்குப் பரீட்சை.

உன் மகள்

—

ஜூன் 15

கடவுள் கண் மூடாம பாத்துக்கிட்டிருக்கற என் தங்கத்துக்கு, சித்தி எழுதிக்கறது. நான் நல்லா இருக்கேன். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்குது, நான் என் பாட்டுக்கு நடக்கறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா? இங்க அறுபது பொண்ணுங்களுக்கு ஆக்கிப் போடறேன், என் பொண்ணு எந்த மேசையில எதைக் கொறிக்குதோன்னு நினைச்சா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது.

வீடியோ பாத்தேன். பொண்ணுங்க எல்லாம் வேலைக்குக் கிளம்பினப்புறம், கையைக் கழுவி, சாமி கும்பிட்டு, சாப்பாட்டு ஹால்ல டிவி முன்னாடி உக்காந்தேன். அம்மாடி, என்ன ஒரு சோகம்டீ! நான் அழுதுட்டேன்.

அந்தக் குமாஸ்தா பாவம். எவ்வளவு பெரிய ஆபீஸ்! அதுல இடது ஓரமா ஒரு மேசையைப் போட்டு உக்காந்துக்கிட்டு, எல்லாம் ஒழுங்கா இருக்கு, எனக்கென்ன குறைச்சல்னு மூச்சுக்கு மூச்சு பாடறான். வாய்தான் அப்படிச் சொல்லுது. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லையே! கேமராவும் நட்டு வச்ச கம்பம் மாதிரி தள்ளியே நிக்குது. கிட்டப் போய் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லக் கூடாதான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, நீ வேணும்னேதான் அப்படி வச்சிருக்கே. தனியா இருக்கறவனை எட்ட நின்னு பாத்தாத்தான் அவன் தனிமை தெரியும். உனக்கு எங்கேருந்துடீ வந்துச்சு இந்த அறிவு? கடவுள் குடுத்ததுதான்.

சாயங்காலம் பொண்ணுங்களுக்கும் போட்டேன். இதுங்களுக்கு மனசாட்சியே கிடையாது. விழுந்து விழுந்து சிரிக்குதுங்க! ஆறாம் நம்பர் ரூம் நர்ஸ் பொண்ணு இருக்காளே, அவ சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. "ஒருத்தன் ஆளில்லாம தவிக்கிறான், உங்களுக்கு இளிப்பா இருக்கா"ன்னு கேட்டு டிவியை அணைச்சுட்டேன். அதுக்கும் ஒரு சிரிப்பு.

வேற என்ன? இந்தச் சமையல்கட்டுக் கதவு வர வர என்னை இடிக்குது. இத்தனை வருஷம் சாதுவா இருந்த கதவு. அதுக்கும் வயசாயிடுச்சு போல.

உன்னைக் கடவுள் கையில விட்டுட்டு உலை வைக்கப் போறேன்.

சித்தி

—

ஜூன் 22

சித்தி,

உன் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். நீ நலம் என்பது சந்தோஷம். நான் நலமில்லை, விளையாட்டாகச் சொல்கிறேன், பதறாதே.

அது சிரிப்புப் பாட்டு சித்தி. சிரிக்கத்தான் எடுத்தது. ஹாஸ்டல் பெண்களை நீ திட்டியிருக்க வேண்டாம்.

இங்கே பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் என் கூட வேலை செய்கிறவர்கள். நீ ஒருத்திதான் வெளி ஆள். எதற்கும் சிரிக்கிற நீயே அழுதிருக்கிறாய் என்றால் நான் எங்கேயோ தப்பாக வெட்டியிருக்கிறேன். எங்கே என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு உதவி செய். இன்னொருமுறை போட்டு, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுது. நான் இப்போதும் எதையும் சொல்லப் போவதில்லை. பெண்களிடமும் கேட்காதே.

கடைசியாக ஒன்று. காகிதத்தில் ஓரத்தைக்கூட விடாமல் செங்குத்தாக எழுதி நிரப்புகிறவள் நீ. இந்தமுறை வலது பக்கம் இவ்வளவு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாயே, நான் படம் வரையவா?

உன் மகள்

—

ஜூலை 1

என் ராசாத்திக்கு, நீ நலமில்லைன்னு விளையாட்டுக்குக்கூட எழுதாதே. படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாமி முன்னாடி நின்னு, அந்த வரியைப் படிக்காத மாதிரி வச்சுக்கோன்னு சொல்லிட்டு வந்தேன். நான் நல்லாத்தான் இருக்கேன்.

காகிதத்தை எங்க காலியா விட்டேன்? நல்லா நிரப்பித்தானே எழுதினேன்.

நீ சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒரு பொண்ணும் பக்கத்துல இல்ல.

மொதல்ல ஆபீஸ். குமாஸ்தா பென்சிலை எல்லாம் உயர வாரியா அடுக்கறான். பாடறான். வெட்டு. அடுத்த காட்சியில ரெண்டு பென்சிலைக் காணோம்! இது உன் கவனக்குறைவு. ரெண்டு காட்சியையும் வேற வேற நாள் எடுத்திருப்பாங்க, நீதான் பாத்து ஒட்டியிருக்கணும்.

அப்புறம் காகிதக் கட்டு. மொதல்ல மலை மாதிரி இருக்கு. அவன் ஒரு அடி பாடி முடிக்கிறதுக்குள்ள பாதியாயிடுது. யார் எடுத்தாங்க? யாரும் இல்ல.

டை! இது ரொம்பப் பெரிய தப்புடீ. கழுத்துல சிவப்பு டை கட்டியிருக்கான். டை தானா வெறைச்சு நீளுது, யாரோ இழுக்கற மாதிரி. அடுத்த வெட்டுல கழுத்து மொட்டையா இருக்கு. அவன் அதைக் கவனிக்கவே இல்ல, ஒழுங்குன்னா நான்தான்னு பாடிக்கிட்டே இருக்கான்.

நாற்காலி வேற தானா நகருது. பேய் வீடா அது? ஒரு வேளை அவனுக்கு யாராவது போய்ச் சேந்துட்டாங்களோ, அவங்கதான் சுத்தி வர்றாங்களோன்னு நினைச்சேன். நினைச்சதும் மறுபடி அழுகை. செத்தும் விட்டுப் போக மனசில்லாம கூடவே இருக்கற ஒரு உசிரு. உங்க அம்மா நினைப்பு வந்துடுச்சு.

எண்ணிப் பாத்தேன், இருபத்தாறு தடவை வெட்டியிருக்கே. இருபத்தாறுலயும் அவன் இடது பக்கமே இருக்கான். இவ்வளவு பிடிவாதமா ஒருத்தனை ஓரத்துலயே உக்கார வச்சா சிரிப்பு எங்கேருந்து வரும்? கொஞ்சம் நடுவுல கொண்டாந்து வையேன் அவனை.

இங்க ஒரு வம்பு. பதினொண்ணாம் நம்பர் டீச்சரம்மா, பக்கத்துல வந்து நின்னு சிரிச்சாலும் நான் மூஞ்சியத் திருப்பிக்கறேனாம், கர்வமாம். அவ எப்ப வந்து நின்னா? டம்ளர்ல பாலை ஊத்தினா அது மேசையில போகுது. எல்லாம் திருஷ்டி. பிரார்த்தனை பண்ணிக்கிட்டிருக்கேன்.

நீ கலங்காதே. தப்பெல்லாம் சின்னச் சின்னதுதான். சரி பண்ணிடலாம்.

சித்தி

—

ஜூலை 12

சித்தி,

நலம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நன்றாக இரு.

நீ எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் சரி. பென்சில், காகிதம், டை, நாற்காலி எல்லாவற்றையும் நீ கவனித்திருக்கிறாய். காரணத்தை மட்டும் கவனிக்கவில்லை. அப்படியென்றால் நான் காரணத்தைச் சரியாகக் காட்டவில்லை. அதனால் மொத்தத்தையும் மறுபடி வெட்டினேன். தூரத்துக் காட்சிகளைக் குறைத்துவிட்டு, கிட்டத்தில் எடுத்த காட்சிகளை இடையிடையே வைத்திருக்கிறேன்.

டைரக்டர் அண்ணன் இன்று பார்த்தார். "யாருக்காகம்மா வெட்டினே இதை? எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேரா நீட்டினா சிரிப்பு வருமா? கேமரா எதையும் கண்டுக்காத மாதிரி நிக்கறதுதான் ஜோக்கே" என்றார். எனக்காக என்று சொன்னேன். உனக்காக என்று சொல்லவில்லை.

புதியதை இத்துடன் வைக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன் மகள்

—

ஜூலை 20

என் செல்லத்துக்கு, கடவுள் உனக்கு இன்னும் ரெண்டு கை குடுக்கட்டும்! நான் சௌக்கியம். சிரிச்சு சிரிச்சு விலா வலிக்குது, அவ்வளவுதான்.

வாத்து! ஐயோ, அந்த வாத்து! எங்கேருந்துடீ பிடிச்சே அதை? எவ்வளவு நல்ல யோசனை, புதுசா ஒரு வாத்தைக் கொண்டாந்து சேத்தது! மொதல்லயே இதைச் செஞ்சிருக்கக் கூடாதா? பென்சிலைத் திருடறது, காகிதத்தை மெல்லுறது, டையைப் பிடிச்சு இழுக்கறது. நாற்காலி மேல ஏறி உக்காந்து மேனேஜர் மாதிரி ஒரு பார்வை பாக்குது பாரு, நான் கரண்டியைக் கீழ போட்டுட்டேன். இப்பத்தான் எல்லாத்துக்கும் காரணம் பிடிபடுது. பழைய படத்துல தப்புன்னு சொன்னதை எல்லாம் ஒரே ஒரு வாத்தை வச்சு அடைச்சுட்டியே, கெட்டிக்காரி!

எல்லாத்துக்கும் மேல, அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு துணை கிடைச்சுதே. அதுக்குத்தான் எனக்குச் சந்தோஷம். வேண்டிக்கிட்டேன், கேட்டுட்டான் சாமி.

டைரக்டர் கிட்ட போய்ச் சொல்லு, எங்க சித்தி சிரிச்சுட்டான்னு. அப்புறம் என்ன பேசறாருன்னு பாக்கறேன்.

சித்தி

—

ஜூலை 26

சித்தி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

வாத்தை நான் புதிதாகச் சேர்க்கவில்லை. முதல் படத்திலேயே இருக்கிறது. இருபத்தாறு காட்சியிலும் இருக்கிறது. குமாஸ்தா இடது பக்கம், வாத்து வலது பக்கம். ஹாஸ்டல் பெண்கள் சிரித்தது வாத்தைப் பார்த்துத்தான். வெள்ளை வெளேரென்று அவ்வளவு பெரிய வாத்தை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. புதிய படத்தில் அதை நடுவில் பெரிதாக வைத்தேன், உடனே பார்த்துவிட்டாய்.

உன் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் வலது பக்கம் கால்வாசி வெள்ளையாக இருக்கிறது. நீயோ நிரப்பி எழுதியதாகச் சொல்கிறாய். கதவு எந்தத் தோளில் இடிக்கிறது சித்தி? டீச்சரம்மா எந்தப் பக்கம் வந்து நின்றார்? பால் எந்தப் பக்கம் கொட்டுகிறது?

என் வேலையே ஒரு படத்தின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான். உன் கடிதத்தை அப்படிப் பார்க்கத் தவறிவிட்டேன். கேலி வேறு செய்தேன்.

உடனே டாக்டரிடம் போ. ஆறாம் நம்பர் நர்ஸைக் கூட்டிக்கொண்டு போ. நேற்றும் இன்றும் போன் செய்தேன், நீ வாத்தைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டாய்.

உன் மகள்

—

ஜூலை 30

என் தங்கத்துக்கு, நான் நலம்.

கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, துடைச்சுட்டேன். இப்ப எல்லாம் தெரியுது. நீ மனசை அலட்டிக்காம வேலையைப் பாரு. கடவுள் இருக்கான்.

சித்தி

—

ஆகஸ்ட் 2

சித்தி,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ என் வாழ்நாளில் எழுதியதில்லை. ஒரு தபால்காரரைப் பற்றியே நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் அந்த மூன்று வரியும் பாதிக் காகிதத்தில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அன்றைக்குத்தான் டைரக்டர் அண்ணன் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கிறார். பார்க்கட்டும். என் நாற்காலி எங்கேயும் ஓடிப்போகாது. ஓடினால் ஓடட்டும்.

வர்றேன் சித்தி. கோவிச்சுக்காதே.

உன் மகள்

—

ஆகஸ்ட் 4

என் கண்ணுக்கு,

இதை நர்ஸ் பொண்ணு கூரியர்ல அனுப்பறா, அதனால நாளைக்கே உன் கைக்கு வந்துடும். மொதல்ல, சாப்பிட்டியா? போன தடவை கேக்க விட்டுப்போச்சு. அதை எழுதிக் காட்டிட்டியே கடன்காரி!

பொய் சொன்னேன். நான் நாள் தவறாம பிரார்த்தனை பண்றவ, என் பொண்ணு கிட்டயே பொய் சொன்னேன். சாமி கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. உன் கிட்டயும் கேக்கறேன்.

மே மாசம் ஒரு காலையில, அடுப்பு முன்னாடி நிக்கறப்போ பொறுக்க முடியாத தலைவலி. உக்காந்தேன், தண்ணி குடிச்சேன், போயிடுச்சு. அதுலேருந்துதான் எல்லாம் இடிக்குது. உன் வாத்து வர்ற வரைக்கும் எனக்கே தெரியாதுடீ, சத்தியமா. இல்லாதது இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும். இது இருட்டும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. காகிதம் அதோட முடிஞ்சுபோச்சு, ஹால் அதோட முடிஞ்சுபோச்சுன்னுதான் தோணுது.

உன் கடுதாசி வந்தப்புறம் பழைய படத்தை மறுபடி போட்டேன். டிவி கிட்டப் போய், தலையை முழுசாத் திருப்பிக்கிட்டு அந்த ஓரத்தைப் பாத்தேன். உக்காந்திருக்கு. எத்தனை நாளா உக்காந்திருக்கோ! நான் சிரிக்கல. டிவியை அணைச்சுட்டேன்.

ஏன் மறைச்சேன்னு கேப்பே. நீ ஓடி வந்துடுவேன்னுதான். எத்தனையோ வருஷம் கழிச்சு உன் கைக்கு வந்த வேலை. டைரக்டர் படத்தைப் பாக்கற வரைக்கும் பொறுத்துக்கோ சாமி, அதுக்கப்புறம் வேணும்னா ரெண்டு கண்ணையும் எடுத்துக்கோன்னு பேரம் பேசினேன். நர்ஸ் பொண்ணு கிட்டச் சொன்னேன். "சாமி உங்க கிட்ட கண்ணைக் கேட்டாரா? இல்ல, நீங்களா நீட்டறீங்களா?"ன்னு கேட்டா. விரலை ஆட்டி ஆட்டிக் காட்டிப் பாத்துட்டு, மூஞ்சி மாறிப் போய், இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு ஆட்டோவுக்குச் சொல்லிட்டா. இதை எழுதறதுக்குத்தான் பத்து நிமிஷம் வாங்கியிருக்கேன். வாசல்ல ஹாரன் அடிக்குது.

நான் போறேன். நீயும் போகணும். வெள்ளிக்கிழமை உன் படத்தைக் காட்டு. பழைய படத்தைக் காட்டு, அதுதான் சரி. கேமரா கண்டுக்காத மாதிரி நிக்கணும்னு டைரக்டர் சொன்னாரே, அவர் சொன்னது நியாயம். சனிக்கிழமை காலையில வா. அதுக்குள்ள நான் எங்கயும் ஓடிட மாட்டேன். ஓடினாலும் கதவு இடிச்சு நிறுத்திடும்.

சித்தி

—

செப்டம்பர் 12

சித்தி,

மாத்திரை போட்டாயா? ரத்த அழுத்தம் பார்த்தாயா? நர்ஸ் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா? இதுதான் இனிமேல் என் நலம் விசாரிப்பு.

உன்னை விட்டுவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. டாக்டர் படம் வரைந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண் இரண்டும் நன்றாக இருக்கிறது, தலைக்குள் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் வலது பக்கப் பாதி வந்து சேரவில்லை என்றார். போனது திரும்ப வருவது கஷ்டம், ஆனால் இன்னொன்று அடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம், நல்லவேளை கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நீ "வாத்து" என்றாய். அவர் உன் தலையை இன்னொருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

நீ சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை பழைய படத்தைத்தான் காட்டினேன், அதுவே பாட்டாக வெளியாகிவிட்டது. தெருவில் குழந்தைகள் குமாஸ்தா மாதிரி நடக்கிறார்கள், பின்னாலேயே ஒருவன் வாத்து. அடுத்த பாட்டு எனக்குத்தான். டைரக்டர் அண்ணன் உன் கதையைக் கேட்டுவிட்டுப் பாட்டை இன்னொருமுறை போட்டுப் பார்த்தார். அப்புறம், "அவங்க பாத்த சோகப் பாட்டும் இதுல இருக்குதான்மா. அது அடியில இருக்கறதாலதான் மேல சிரிப்பு வருது" என்றார்.

உனக்கென்று தனியாக ஒரு படம் அனுப்புகிறேன். ஒரே ஒரு மாற்றம்தான். மொத்தப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பியிருக்கிறேன். இதில் வாத்து இடது பக்கம். தலையைத் திருப்பாமல், சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரி.

உன் மகள்

—

செப்டம்பர் 25

சாமி எனக்குத் துணைக்கு அனுப்பி வச்ச என் பொண்ணுக்கு, உன் சித்தி ஆசையா எழுதிக்கறது. மாத்திரை போட்டாச்சு. அழுத்தம் பாத்தாச்சு. பயிற்சியும் நடக்குது. நர்ஸ் பொண்ணு எல்லாத்துலயும் வலது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டி வச்சிருக்கா. கதவுல, மேசையில, பால் டம்ளர் வைக்கற தட்டுல, இந்தக் காகிதத்துலகூட. சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும். கதவு இப்ப இடிக்கறதில்ல. டீச்சரம்மாவைப் பாத்து நானே மொதல்ல பேசிட்டேன், அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. அவ மேலயும் ஒரு டேப் ஒட்டலாமான்னு கேட்டேன், சிரிச்சுட்டா.

உன் கண்ணாடிப் படத்தைப் பாத்தேன். எல்லாப் பொண்ணுங்களும் கூட உக்காந்தாங்க. சுவர்க் கடிகாரம் பின்பக்கமா ஓடுது, போர்டுல இருக்கற எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது. பரவால்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே.

படம் ஆரம்பிச்சுது. பாத்தா, அவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒரு வாத்து மட்டும் தனியா உக்காந்திருக்கு! பக்கத்துல ஒருத்தரும் இல்ல. பாட்டு மட்டும் எங்கேருந்தோ கேக்குது. பாவம்டீ அந்த வாத்து! யாரு அதை ஆபீஸ்ல விட்டுட்டுப் போனாங்கன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அது வாயில ஒரு சிவப்புத் துணி நுனியைப் பிடிச்சு இழுக்குது. யாரோட டை அதுன்னு நினைச்சேன். நினைச்சதும் தலை தானா திரும்புச்சு.

உக்காந்திருக்கான் குமாஸ்தா, கழுத்து நீண்டு போய்!

நான் சிரிச்ச சிரிப்புல பொண்ணுங்க டிவியை விட்டுட்டு என்னைப் பாத்தாங்க. அவங்க எல்லாம் சிரிச்சு ஓய்ஞ்சு ரெண்டு மூச்சு ஆயிருக்கும். நான் தனியா சிரிச்சேன். என் சிரிப்பைப் பாத்து அவங்க மறுபடி சிரிச்சாங்க.

அதனால இனிமே படத்தைத் திருப்பி அனுப்பாதே. எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருத்தர் எனக்குத் தனியாத்தான் நிப்பாங்க. நேராவே அனுப்பு, நான் திரும்பிக்கறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பாட்டுல, டைரக்டருக்குத் தெரியாம, எங்கயாவது ஒரு காட்சியை ஒரு மூச்சு கூடுதலா விட்டு வெட்டு. நான் தலையைத் திருப்பற நேரம். அவ்வளவு போதும்.

இந்தக் காகிதத்தை வலது ஓரம் வரைக்கும் நிரப்பியிருக்கேன் பாத்தியா? நிறுத்தத்தான் இன்னும் சரியா வரல. சில வரி டேப்பைத் தாண்டிப் போயிடுது. என் கையெழுத்துல பாதி மேசையில இருக்கு. துடைக்காம வச்சிருக்கேன். நீ வர்றப்போ படிச்சுக்கோ.

சித்